அக்காவின் டிடிபி மேசையிலிருந்து எக்ஸ்11-ஐ இறக்கிய மூன்று நாள்

கும்பகோணத்தில் அக்காவும் அத்தானும் நடத்தும் டிடிபி கடைக்கு ஒரே ஒரு டெஸ்க்டாப்தான். நாலாம் தலைமுறை ஐ3, 8 ஜிபி ராம், டெபியன் 12 என்ற லினக்ஸ், அதன்மேல் கேடிஇ குழுவின் பிளாஸ்மா டெஸ்க்டாப். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி போஸ்டர், நடுநடுவே ஜெராக்ஸ், ஆன்லைன் விண்ணப்பம் எல்லாம் அதில்தான். நான் திருச்சியில் இருந்துகொண்டு அந்த மெஷினுக்கு வைத்தியம் பார்க்கிறவன்.

பிரச்சினை ஒரு நல்ல காரியத்தில் தொடங்கியது. அத்தான் புது மானிட்டர் வாங்கினார். 27 அங்குலம், 2560க்கு 1440. பக்கத்தில் பழைய பதினெட்டரை அங்குல மானிட்டர், 1366க்கு 768. அக்காவுக்கு நாற்பத்தெட்டு வயசு, வெள்ளெழுத்துக் கண்ணாடி. புது மானிட்டரில் எழுத்து பொடியாகத் தெரிகிறது என்று 125 சதவீதம் பெரிதாக்கினேன். அது சரியானது, பழைய மானிட்டரில் இருந்த மெனுவெல்லாம் பூதம்மாதிரி வீங்கிவிட்டது. லினக்ஸில் ஜன்னல்களைத் திரையில் காட்டி, கீபோர்டு, சுட்டி அசைவுகளை நிரல்களுக்குக் கொண்டுசேர்க்கும் பழைய அமைப்புதான் எக்ஸ்11, சுருக்கமாக எக்ஸ். அதற்கு இரண்டு திரையும் சேர்ந்து ஒரே பலகைதான். இந்தப் பக்கம் ஓர் அளவு, அந்தப் பக்கம் ஓர் அளவு என்று பிரித்துச் சொல்ல அங்கே ஒழுங்கான வழி கிடையாது. திரைகளை அமைக்கும் எக்ஸ்ராண்டர் கட்டளையில் பழைய திரையை மட்டும் சுருக்கிக் காட்டும் வித்தை ஒன்று உண்டு. போட்டுப் பார்த்தேன். எழுத்தெல்லாம் நனைந்த பேப்பரில் அச்சடித்ததுபோலக் கலங்கியது. அச்சு வேலை செய்கிறவரிடம் அதைக் காட்டவே கூச்சமாக இருந்தது.

எக்ஸுக்குப் பதிலாக வந்த புது அமைப்பான வேலண்டுக்கு மாற்றிவிடலாம் என்று ரொம்ப நாளாகவே யோசனை. கேடிஇ குழுவும் 2025 நவம்பரில் சொல்லிவிட்டது, பிளாஸ்மா 6.8-ல் எக்ஸ்11 செஷன் இருக்காது என்று. ரெட் ஹாட் நிறுவனம் தன் லினக்ஸின் 10-ஆம் பதிப்பிலேயே எக்ஸை ஓட்டும் எக்ஸ் சர்வரை எடுத்துவிட்டது. என்றைக்கோ ஒருநாள் செய்துதான் ஆகணும். ஆனால் தை முகூர்த்தத்துக்குப் பத்திரிகை வேலை குவிந்து கிடந்த மார்கழி அது. "திங்கக்கிழமை காலைல ஒன்பதரைக்கு மெஷின் ஓடணும் தம்பி. ஓடலேன்னா உன்னைத்தான் உக்கார வச்சு கையால எழுத விடுவேன்" என்று சொல்லித்தான் அக்கா வெள்ளி சாயங்காலம் கடைச் சாவியைக் கொடுத்தாள்.

கழற்றுவதற்கு முன்னால், அக்காவுக்கு ஒரு வேடிக்கை காட்டினேன். பழைய எக்ஸ் செஷனிலேயே டெர்மினலைத் திறந்து, எக்ஸ்இன்புட் கட்டளையைச் சோதனை முறையில் ஓடவிட்டேன். சூப்பர்யூசர் அனுமதி எதுவும் கேட்கவில்லை. பக்கத்தில் பிரௌசரைத் திறந்து ஒரு வங்கியின் பாஸ்வேர்டு கட்டத்தில் எதையாவது அடிக்கச் சொன்னேன். கட்டத்தில் கறுப்புப் புள்ளிகள்தான் விழுந்தன. இந்தப் பக்கம் டெர்மினலில் 38 என்று ஓர் எண். "இப்ப ஆங்கில ஏ அடிச்சியா?" என்றேன். ஆமாம் என்றாள். அடுத்ததையும் சொன்னேன். அதற்கடுத்ததையும். நாலாவது எழுத்தில் விரலைக் கீபோர்டிலிருந்து எடுத்துவிட்டாள்.

"அப்ப நம்ம கடைல வந்து மெயில் திறக்கிறாங்களே, பேங்க் பாஸ்புக் பிரிண்ட் எடுக்கிறாங்களே..."

அதேதான். எக்ஸில் ஓடும் எந்த நிரலும் மற்ற எல்லா நிரலுக்கும் போகிற விசையைக் கேட்கலாம், திரையைப் படம் பிடிக்கலாம், அடுத்தவர் ஜன்னலுக்குள் பொய்யாகத் தட்டச்சும் செய்யலாம். முற்றம் வைத்த பழைய வீடு மாதிரி. ஒருத்தர் இருமினால் எல்லா அறைக்கும் கேட்கும். எல்லாரும் ஒரே குடும்பமாக இருந்த காலத்தில் கட்டிய வீடு அது. எக்ஸ் 1984-ல் எம்ஐடியில் பிறந்தது; எக்ஸ்11 நெறிமுறை 1987 செப்டம்பரில் வந்தது. பன்னிரண்டு என்று ஒன்று வரவேயில்லை. தேவைப்பட்டபோதெல்லாம் பின்பக்கமாக ஓர் அறை இழுத்துக் கட்டிக்கொண்டே வந்தார்கள்.

வெள்ளி இரவு முதலில் கைவைத்தது கிராபிக்ஸ் கார்டில். அதில் ஜிடி 710 என்ற என்விடியா கார்டு இருந்தது. இரண்டு மானிட்டர் வேண்டுமென்றால் கார்டு போட்டே ஆகணும் என்று எப்போதோ ஒரு கடைக்காரர் சொல்லி அத்தான் வாங்கியது. மதர்போர்டின் பின்பக்கத்திலேயே எச்டிஎம்ஐ ஒன்றும் விஜிஏ ஒன்றும் சும்மா இருந்தன! இந்தக் கார்டு கெப்ளர் தலைமுறை. அதற்கு என்விடியா கொடுத்த கடைசி டிரைவர் வரிசை 470. வேலண்டுக்கு எல்லாரும் பயன்படுத்தும் ஜிபிஎம் என்கிற நினைவகப் பங்கீட்டு முறையை என்விடியா ஏற்றுக்கொண்டதே 495 வரிசையில், 2021 கடைசியில். ஆக, இந்தக் கார்டும் என்விடியாவின் சொந்த டிரைவரும் வேலண்டும் மூன்றும் ஓர் இடத்தில் சேராது. நூவோ என்ற திறந்தமூல டிரைவரைப் போட்டு ஓட்டலாம்தான். பத்திரிகை வடிவமைக்க அந்தக் கார்டே தேவையில்லை என்கிறபோது எதற்கு? என்விடியா டிரைவர் பொதிகளை (பேக்கேஜ்களை) நீக்கிவிட்டு, மெஷினை அணைத்து, திருகைக் கழற்றி கார்டை உருவினேன். அதன் வெப்பத் தகட்டில் ஜெராக்ஸ் டோனர் தூசி கரிக்கட்டிபோல அப்பியிருந்தது. பெயின்ட் பிரஷ்ஷால் உள்ளே எல்லாவற்றையும் ஒரு தடவை துடைத்தேன். பயாஸில் முதன்மைத் திரையை இன்டெல் பக்கம் மாற்றி, பெரிய மானிட்டரை எச்டிஎம்ஐயிலும் பழையதை விஜிஏவிலும் மாட்டினேன். பிறகு டெபியன் 13-க்கு மேம்படுத்த விட்டுவிட்டு மேசைக்குப் பக்கத்திலேயே பாய் விரித்துப் படுத்தேன்.

மார்கழி ஆச்சே, நாலரைக்கே கோயில் ஒலிபெருக்கி எழுப்பிவிட்டது. மேம்படுத்தல் முடிந்திருந்தது. ரீபூட் செய்தேன். கறுப்புத் திரை. இடது மேல் மூலையில் ஒரு கோடு மட்டும் மினுக்கிக்கொண்டிருந்தது. லாகின் திரை வரவே இல்லை.

வேலண்ட்தான் சொதப்புகிறது என்று நினைத்து ஒரு மணி நேரம் வீணாக்கினேன். கண்ட்ரோல், ஆல்ட், எஃப்3 அமுக்கி எழுத்துத் திரைக்குப் போய், லினக்ஸின் மையமான கர்னலின் அளபுருக்களை மாற்றி, மெசா என்ற கிராபிக்ஸ் பொதிகளைத் திரும்ப நிறுவி, என்னென்னவோ செய்தேன். கடைசியில் எக்ஸின் பதிவுக் கோப்பைத் திறந்து பார்த்தால் அதில் தெளிவாக இருக்கிறது: என்விடியா மாட்யூலைக் காணோம், திரை எதுவும் அகப்படவில்லை. விஷயம் இதுதான். வேலண்ட் செஷனுக்குப் போவதற்கு முன்னால் வருகிற எஸ்டிடிஎம் லாகின் திரை இன்னும் எக்ஸில்தான் ஓடுகிறது. அந்த எக்ஸ், இடிசி அடைவுக்குள் கிடந்த பழைய எக்ஸ்ஆர்க் கான்ஃப் கோப்பைப் படிக்கிறது. "என்விடியா டிரைவரைப் போடு" என்று அதில் ஒரு வரி. அந்தக் கோப்பு எந்தப் பொதிக்கும் சொந்தமில்லை. வருஷங்களுக்கு முன்னால் நானே என்விடியா எக்ஸ்கான்ஃபிக் ஓட்டி உண்டாக்கியது. அதனால் பொதிகளை நீக்கியபோது அது மட்டும் தங்கிவிட்டது. பெயரை மாற்றி ஓரமாக வைத்தேன். ரீபூட். லாகின் திரை வந்தது. கார்டை மாற்றுகிற யாரும் முதலில் அந்த அடைவைப் பாருங்கள். நான் கடைசியில் பார்த்தேன்.

லாகின் திரையின் மூலையில் செஷன் பட்டியலில் "பிளாஸ்மா வேலண்ட்" என்று தேர்ந்து உள்ளே போனேன். அமைப்புகளில் பெரிய திரைக்கு 125, சின்னதற்கு 100. அவ்வளவுதான். கோப்பு மேலாளர் ஜன்னலைச் சுட்டியால் பிடித்து ஒரு திரையிலிருந்து இன்னொன்றுக்கு இழுத்தேன். எல்லையைத் தாண்டும்போதே அளவை மாற்றிக்கொண்டது, எழுத்து கத்திபோலக் கூர்மை. பிடிஎஃப்பை வேகமாக உருட்டினால் நடுவில் குறுக்கே கிழிந்ததுபோல ஒரு கோடு ஓடுமே, அதுவும் இல்லை. எக்ஸ் காலத்தில் நிரல் வரைந்ததை எக்ஸ் சர்வர் வாங்கி, எல்லா ஜன்னலையும் ஒரே படமாகக் கோக்கும் கம்பாசிட்டரிடம் கொடுத்து, அது கோத்ததைத் திரும்ப சர்வர் வாங்கித் திரையில் போடும். வேலண்டில் நடுவில் ஆள் இல்லை, கம்பாசிட்டரே சர்வர். நிரல் தன் படத்தைத் தானே வரைந்து கொடுக்கிறது, பிளாஸ்மாவின் கம்பாசிட்டரான கேவின் அதைக் கோத்து நேராகத் திரைக்கு அனுப்புகிறது. 2008-ல் இதைத் தொடங்கிய கிறிஸ்டியன் ஹோக்ஸ்பெர்க் எக்ஸ் மேம்பாட்டில் கிடந்த ஆள்தான். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்திலுள்ள வேலண்ட் ஊர்ப் பெயரைத்தான் அதற்கு வைத்தார்.

அத்தான் காபியோடு வந்தார். "பிரிண்டர் ஓடுமாப்பா?" என்பதுதான் அவர் கேட்ட ஒரே கேள்வி. பிரிண்டருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, அதை கப்ஸ் என்ற அச்சு அமைப்பு பார்த்துக்கொள்ளும் என்றேன். ஒரு பக்கம் அடித்துக் காட்டிய பிறகுதான் நம்பினார்.

படம் வர ஆன நேரம், அந்தக் கறுப்புத் திரைக் கூத்தைக் கழித்தால், பத்து நிமிஷம். மீதி சனி முழுக்கவும் ஞாயிறு பாதியும் போனது கீபோர்டுக்கு.

அக்கா தமிழ்99 விசைப்பலகையில் அடிக்கிறவள். பழைய அமைப்பில் தமிழ் அடிக்க ஐபஸ் என்ற உள்ளீட்டு நிரலும், தமிழ்99 வரைபடத்தைத் தரும் எம்17என்னும் போட்டிருந்தேன். பிளாஸ்மா வேலண்டில் உள்ளீட்டு முறையை எடுத்து நடத்துவதே கம்பாசிட்டர்தான் என்பதால், அதோடு இணக்கமாகப் போகிற எஃப்சிடிஎக்ஸ்5 என்ற உள்ளீட்டு நிரலுக்கு மாறினேன். அதற்கும் எம்17என் பொதி இருக்கிறது. தமிழ்99 அப்படியே வந்துவிடும். அதை இயக்குகிற இடம்தான் கண்ணில் படாத மூலை. அமைப்புகளில் "மெய்நிகர் விசைப்பலகை" என்ற பக்கத்தில் போய் எஃப்சிடிஎக்ஸ்5-ஐத் தேர்ந்தெடுக்க வேண்டும். தொடுதிரையில் வரும் கீபோர்டு என்று நினைத்து யாரும் அந்தப் பக்கமே போகமாட்டார்கள். "ஸ்க்ரீன்ல தட்டணுமாடா?" என்றுதான் அக்காவும் கேட்டாள்.

கேட் எடிட்டரில் ஏ, ஹெச், ஹெச், க்யூ தட்டினாள். "அக்கா" என்று விழுந்தது. ஃபயர்ஃபாக்ஸிலும் விழுந்தது. 121-ஆம் பதிப்பிலிருந்து அது தானாகவே வேலண்டில்தான் ஓடுகிறது. பத்திரிகை வடிவமைக்கும் வரைகலை நிரலான இங்க்ஸ்கேப்பில் தட்டினாள். ஆங்கிலத்தில் ஏ ஹெச் ஹெச் க்யூ என்று நாலு எழுத்து பல்லிளித்தது. குரோமியம் பிரௌசரிலும் அதே. அக்கா என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

இங்க்ஸ்கேப் விவகாரத்தில் குற்றவாளி மறுபடியும் நானேதான். நிரல்கள் தொடங்கும்போது படிக்கும் சூழல் மாறிகளை வைக்கிற கோப்பில், ஜிடிகே, க்யூடி என்ற இரண்டு கருவித்தொகுப்புகளில் கட்டிய நிரல்களுக்கும் உள்ளீட்டு முறை ஐபஸ் என்று எப்போதோ இரண்டு வரி எழுதி வைத்திருந்தேன். இங்க்ஸ்கேப் ஜிடிகே. அது நேர்மையாகப் போய் ஐபஸ்ஸைத் தேடிவிட்டு, ஆளைக் காணோம் என்று சும்மா இருந்துவிட்டது. அந்த இரண்டு வரியையும் ஐபஸ் என்பதை எஃப்சிடிஎக்ஸ் என்று திருத்தி வைக்கத்தான் முதலில் தோன்றியது. வேண்டாம், அழித்துவிடுங்கள். பிளாஸ்மா வேலண்டில் அந்த மாறிகள் இல்லாமல் இருந்தால்தான் நிரல்கள் கம்பாசிட்டர் வழியாகப் பேசும். எக்ஸ்மாடிஃபையர்ஸ் என்ற மாறியை மட்டும் எஃப்சிடிஎக்ஸ் என்று வைத்துக்கொள்ளவேண்டும், எக்ஸ் நிரல்களை வேலண்டுக்குள் ஓட்டும் எக்ஸ்வேலண்டில் வருகிற பழைய நிரல்களுக்காக. வெளியேறித் திரும்ப உள்ளே வந்ததும் இங்க்ஸ்கேப்பில் "அக்கா" விழுந்தது. குரோமியத்துக்கு அதைத் தொடங்கும் கட்டளையிலேயே வேலண்ட் உள்ளீட்டு முறையை இயக்கு என்று ஒரு கொடியும் (கட்டளையோடு சேர்க்கும் விருப்பம்), உள்ளீட்டு நெறிமுறையின் மூன்றாம் பதிப்பைப் பயன்படுத்து என்று இன்னொரு கொடியும் சேர்க்கவேண்டியிருந்தது. இதை ஒரு நிரலுக்குச் செய்தால் போதாது. குரோமியத்தை உள்ளே வைத்துக் கட்டிய எலக்ட்ரான் நிரல்கள் ஒவ்வொன்றையும் தனித்தனியே சோதித்துப் பார்க்கவேண்டும். சனி ராத்திரி பதினோரு மணிக்கு முடித்தேன்.

எது வேலண்டில் நேராக ஓடுகிறது, எது எக்ஸ்வேலண்ட் வழியாக வருகிறது என்று பார்க்க எனக்குப் பிடித்த கருவி எக்ஸ்ஐஸ். சுட்டியைப் பார்த்துக்கொண்டே இருக்கும் இரண்டு கண், முப்பது வருஷத்துக்கு மேலான பொம்மை நிரல். வேலண்டில் அதை ஓடவிட்டால், சுட்டி வேலண்ட் ஜன்னல்மேல் போகும்போது கண் அப்படியே நின்றுவிடும். பழைய எக்ஸ் நிரலின்மேல் போனால் மட்டும் உருளும். அத்தானின் பில் போடும் நிரல் ஜாவாவில் எழுதியது. அதன்மேல் போனதும் கண்கள் உருண்டன. ஜிம்ப் 3.0-வின் மேல் உருளவில்லை, அது ஜிடிகே3-க்கு மாறிவிட்டது. அத்தான் கொஞ்ச நேரம் சுட்டியை அங்கும் இங்கும் ஆட்டி விளையாடிக்கொண்டிருந்தார்.

ஞாயிறு காலை அக்கா எஃப்9-ஐ அமுக்கினாள். ஒன்றும் நடக்கவில்லை.

இதைத்தான் பயந்துகொண்டிருந்தேன். எஃப்9 அமுக்கினால் "நிகழும் மங்களகரமான விசுவாவசு வருடம் தை மாதம்" என்று தொடங்கும் முழுப் பத்தியும் கர்சர் நிற்கும் இடத்தில் கொட்டும். எஃப்10-க்குக் கண்ணீர் அஞ்சலி வாசகம். விசையைக் கேட்கும் எக்ஸ்பைண்ட்கீஸ், தானாகத் தட்டும் எக்ஸ்டூடூல் இரண்டையும் வைத்து நான் எழுதிக்கொடுத்த பத்து வரி ஸ்கிரிப்ட். அக்காவுக்கு இந்தக் கணினியில் ரொம்பப் பிடித்ததே அதுதான். அந்த ஸ்கிரிப்ட் எதை நம்பி ஓடியது? எந்த நிரலும் எல்லா விசையையும் கேட்கலாம், அடுத்த ஜன்னலில் பொய்யாகத் தட்டலாம் என்கிற அதே ஓட்டையை. வெள்ளிக்கிழமை அக்காவைப் பயமுறுத்திய ஓட்டை வழியாகத்தான் இத்தனை வருஷமும் அவளுக்கு மங்களகரமான வருடம் வந்துகொண்டிருந்தது.

விசையைக் கேட்பது சுலபம். கேடிஇயின் குறுக்குவிசை அமைப்பில் எஃப்9-க்கு ஒரு கட்டளையைக் கட்டிவிடலாம். இப்போது கேட்பது கம்பாசிட்டர், எந்தத் தெருநிரலும் இல்லை. தட்டுவதுதான் கஷ்டம். ஒய்டூடூல் என்று ஒன்று இருக்கிறது. அது வேலண்டையே கண்டுகொள்ளாமல் கர்னலிடம் போய், "நான் ஒரு கீபோர்டு" என்று யூஇன்புட் என்ற கர்னல் வசதி வழியாகப் பதிந்துகொள்கிறது. விசை எண்ணைத்தான் அனுப்பும், தமிழ் எழுத்தை அனுப்பாது. அதனால் வாசகத்தை டபிள்யூஎல் காப்பி கட்டளையால் கிளிப்போர்டில் வைத்து, பிறகு ஒய்டூடூலால் கண்ட்ரோலும் வியும் தட்டச் செய்தேன். கர்னலில் கண்ட்ரோலுக்கு எண் 29, விக்கு 47. எக்ஸில் எல்லா எண்ணிலும் எட்டைக் கூட்டிக்கொள்வார்கள். அதனால்தான் கர்னலில் 30-ஆக இருக்கும் ஏ, வெள்ளிக்கிழமை 38 என்று வந்தது.

ஓடியது. அக்கா கைதட்டாத குறை. ஆனால் அதற்காக யூஇன்புட் சாதனக் கோப்பை அக்காவின் பயனர் கணக்குக்குத் திறந்துவிட்டிருந்தேன். அந்தக் கணக்கில் ஓடும் எதுவும் இனி அக்கா தட்டியதுபோலவே தட்டலாம். மூன்று நாள் மெனக்கெட்டு முன்கதவைப் பூட்டிவிட்டு, கொல்லைக் கதவை நானே திறந்து வைத்த கதை. அக்காவிடம் இதைச் சொல்லி, "எஃப்9 அமுக்கினா வாசகம் கிளிப்போர்டுக்கு வரும். கண்ட்ரோல் வி மட்டும் நீயே தட்டிக்கிறியா?" என்று கேட்டேன்.

"அவ்ளோதானா? இதுக்கா ரெண்டு மணி நேரம் மண்டைய ஒடச்சுகிட்டே?"

ஒய்டூடூலைக் கழற்றினேன்.

மற்றவை சில்லறை. கேப்ஸ்லாக்கை எஸ்கேப்பாக மாற்றிய எக்ஸ்மாட்மேப் கோப்பு செல்லாது; அது கேடிஇயின் விசைப்பலகை அமைப்பில் ஒரு டிக்கில் முடிந்தது. வீடியோ காலில் வாடிக்கையாளருக்கு புரூஃப் காட்டும்போது, எந்தத் திரையை அல்லது எந்த ஜன்னலைக் காட்டட்டும் என்று இப்போது ஒரு பெட்டி கேட்கிறது. பைப்வயர், போர்ட்டல் என்ற இரண்டு துணை அமைப்புகள் அதைப் பார்த்துக்கொள்கின்றன. இதில் அக்காவுக்கு ஒரு லாபம். முன்பெல்லாம் முழுத்திரையும் போய் அடுத்த வீட்டுப் பத்திரிகையும் சேர்ந்து தெரியும். இப்போது இங்க்ஸ்கேப் ஜன்னல் மட்டும்.

தீராத ஒன்று தொலைவிலிருந்து உதவுவது. எக்ஸ் திரையைத் தொலைவுக்குக் கொடுக்கும் எக்ஸ்11விஎன்சி இருந்தவரை திருச்சியில் உட்கார்ந்தபடி அக்காவின் திரையை எடுத்துக்கொள்வேன். அவளிடம் கேட்கக்கூட வேண்டியதில்லை. இனி அது நடக்காது. அதே வேலைக்குக் கேடிஇயின் கேஆர்எஃப்பி நிறுவி வைத்தேன். அதைத் தொடங்கினால் அந்தப் பக்கத்தில் இருப்பவர் திரையில் ஓர் அனுமதிப் பெட்டி வரும். அவர் சம்மதித்தால்தான் உண்டு. ஞாயிறு மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு அக்காவிடம் பாடம்போலச் சொல்லிக்கொடுத்தேன். "கடைல நாலு பேர் வந்து போற மெஷின். திரையைக் காட்டட்டுமா, கீபோர்டைக் கொடுக்கட்டுமான்னு எது கேட்டாலும் வேண்டாம்னு அமுக்கு." சரிடா என்றாள்.

திங்கள் காலை பத்து மணிக்கு அக்காவின் போன். பக்க வடிவமைப்பு நிரலான ஸ்கிரைபஸில் ஓரத்து அளவு ஏதோ நகர்ந்துவிட்டதாம். நான் பார்க்கிறேன் என்று சொல்லி, எஸ்எஸ்எச் என்ற தொலைக் கட்டளை இணைப்பு வழியாக உள்ளே போய் கேஆர்எஃப்பியைக் கிளப்பினேன். இணைப்பு வரவில்லை. மறுபடி கிளப்பினேன். வரவில்லை. மூன்றாவது தடவை முயலும்போது போனிலேயே அக்காவின் குரல்.

"தம்பி, யாரோ உள்ள வரப் பாக்கறாங்கடா. மூணு தடவை கேட்டுச்சு. மூணு தடவையும் வேண்டாம்னு அமுக்கிட்டேன்."